கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில்? குக்கரில் பயறு வேகவைக்கப் புதியவர்களுக்கு

இரவு எட்டரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். வேலை கிடைத்துத் தனியாக வீடு எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "சித்தி, கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில்?" என்றாள். எப்போது ஊறப்போட்டாய் என்று கேட்டேன். "ஊறப்போடணுமா?" என்றாள். "சரி, இன்னைக்கு ரசம் வச்சுக்கோ. கடலையை இப்போ ஊறப்போடு, மத்ததை நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் அவளிடம் சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குக்கரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், கொஞ்சமும் பயமில்லாமல் கையாளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இது தேவைப்படும். கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றப் பயறுகளுக்கு நேரம் மட்டும்தான் மாறும். ராஜ்மாவுக்கு மட்டும் தனியாகச் சில விதிகள் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த விசில் கேள்வி. "ஆறு விசில்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மூடியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் வெயிட், உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது தூக்கிக்கொண்டு மிச்ச ஆவியை வெளியே விடுகிறது. அதைத்தான் விசில் என்கிறோம். தீ பெரிதாக எரிந்தால் ஆறு விசிலும் நாலைந்து நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே ஆறு விசிலுக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். முதல் வீட்டில் கடலை பல்லில் நறுக்கென்று கடிபடும், இரண்டாவது வீட்டில் பூப்போல வெந்திருக்கும். இரண்டு வீட்டிலும் ஆறு விசில்தான். ஆகவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பயறு வேகும் கணக்கு நிமிடத்தில்தான் இருக்கிறது.

வாங்கும்போது

எவ்வளவு ஊறவைத்தாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கும் கடலை உண்டு. சமைத்தவர் மேல் தப்பில்லை, அது பழைய கடலை. வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பயறின் உள்ளமைப்பே மாறிப்போய், தண்ணீரை வாங்கினாலும் மசியாமல் நிற்கும். நம்முடைய கடற்கரை ஊர்களின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்கிச் சேர்க்காதீர்கள். அரைக் கிலோ போதும். நிறம் மங்கியிருந்தாலோ, வண்டு துளைத்த ஓட்டை தெரிந்தாலோ, பையின் அடியில் மாவுபோலத் தூள் படிந்திருந்தாலோ வேறு கடையில் வாங்குங்கள்.

பழைய பையில் மிச்சமிருப்பதைப் புதுப் பையோடு சேர்த்துக் கொட்டுவது பலருக்குப் பழக்கம். அதைச் செய்ய வேண்டாம். புதுக் கடலை குழைந்துபோகும் நேரத்தில் பழையது பாதிதான் வெந்திருக்கும். ஒரே கிண்ணத்தில் இரண்டு பதம் இருந்தால் அந்தச் சுண்டலை ஒன்றும் செய்ய முடியாது.

கடலையை ஒரு தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் வைத்துக் கல் பொறுக்குங்கள். பாக்கெட்டில் வருவதற்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். கறுப்புக் கடலை நிறத்திலேயே உருண்டையான சின்ன மண்கட்டி இருக்கும், விரலில் உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிதப்பதை எடுத்துப் போட்டுவிடுங்கள், அவை பெரும்பாலும் வண்டு தின்ற பொக்குகள்.

ஊறவைப்பது

ஒரு டம்ளர் கடலைக்கு நாலு டம்ளர் தண்ணீர். கடலை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஊற வேண்டும். மறுநாள் மாலைச் சுண்டலுக்கு இரவு படுக்கப் போகும்முன் ஊறவைத்தால், காலையில் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்து வேகவைக்கலாம்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன். "உப்புப் போட்டா கடலை வேகாது" என்று என் பாட்டி முதல் எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் பல வருடம் நம்பினேன். உண்மை நேர்மாறாக இருக்கிறது. பயறுத் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். அதைக் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து கட்டி வைத்திருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும்போது கட்டுத் தளர்கிறது. தோல் மெத்தென்று ஆகிறது, வெடிப்பதும் குறைகிறது, கடலைக்குள்ளும் உப்பு ஏறுகிறது. ஒரு முறை இரண்டு கிண்ணத்தில், ஒன்றில் உப்போடும் ஒன்றில் உப்பில்லாமலும் ஊறவைத்து வேகவைத்துப் பாருங்கள். எனக்கு அப்படிச் செய்து பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

கடலையை வேகவிடாமல் செய்வது புளிப்பும் கடினத் தண்ணீரும்தான். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் அதிலுள்ள கால்சியமே தோலை இறுக்கிவிடும். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, அப்படியானால் ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்பது சரிதான். ஆனால் அது தயாமின் என்னும் வைட்டமினை அழிக்கிறது, கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை அடிக்கும், கடலையும் கொழகொழவென்று ஆகிவிடும். வேறு வழியே இல்லாத பழைய கடலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் தண்ணீரில் நுரை கட்டி, புளித்த வாடை வரும். அந்த மாதங்களில் ஊறுவதை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். கொஞ்சம் நேரம் கூடும், கெட்டுப்போகாது.

ஊறிவிட்டதா என்று பார்க்க ஒரு கடலையை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். பிளந்த பக்கம் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நிறமாக, ஈரமாக இருக்க வேண்டும். நடுவில் வெளுத்த, மாவுபோலக் காய்ந்த ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். அந்தப் புள்ளிதான் வெந்த பிறகும் பல்லில் படும்.

இரவு மறந்துவிட்டால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கடலையைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, இரண்டு நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க ஊறியதற்கு இது முழுசாக ஈடாகாது, ஆனாலும் வேலை நடக்கும்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருட்களில் கொஞ்சம் அதில் கரைந்திருக்கும். மொச்சையிலும் ராஜ்மாவிலும் இதைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் இயற்கையாகவே சில நச்சுப் பொருட்கள் உண்டு. சத்தெல்லாம் போய்விடுமே என்று சிலர் வருத்தப்படுவார்கள். கொள்ளு ரசத்துக்கு எடுக்கும் தண்ணீர் வேகவைத்த தண்ணீர், ஊறவைத்தது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூடுவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பல வருடம் முன்பு ஒரு நவராத்திரி மாலை. கொலுவுக்கு ஆட்கள் வரும் நேரம். பட்டாணிச் சுண்டலுக்காகக் குக்கரில் முக்கால் பாகம் நிரப்பி, அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் கோலம் போடப் போய்விட்டேன். வழக்கமாக வரும் நேரத்துக்கு விசில் வரவில்லை. தீ பெரிதாக எரிகிறதே, வந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து சமையலறை வாசலில் கால் வைத்த நொடியில், மூடியின் ஓரத்திலிருந்து ஆவியும் பச்சைத் தண்ணீரும் பீறிட்டு எதிர்ச் சுவர் முழுக்க அடித்தது. அடுப்பு அணைந்துபோய் கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்தேன். இரண்டடி உள்ளே நின்றிருந்தால் என் முகம் வெந்திருக்கும்.

குக்கர் ஆறி ஒரு மணி நேரம் கழித்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெயிட் உட்காரும் குழாயின் அடிப்பக்கம் ஒரே ஒரு பட்டாணித் தோல் ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அது குழாயை அடைத்ததும் ஆவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிட்டது. அப்போது மூடியின் விளிம்பில் இதற்கென்றே விட்டிருக்கும் நீளத் துளை வழியாகக் கேஸ்கெட் (மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்) பிதுங்கி, ஆவியை வெளியேற்றியது. அந்தத் துளையும் இல்லாத மட்டமான குக்கராக இருந்திருந்தால் மூடியே பறந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் மூடியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்தக் குழாய் வழியாக ஒரு கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பக்க வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊதிப் பாருங்கள், மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். மூன்று நொடி வேலை.

அடுத்தது கேஸ்கெட். ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, விறைப்பு, தொளதொளப்பு எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். தொளதொளத்த கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்து ஒப்பேற்றுவது அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் உதவும். தினமும் குக்கர் வைக்கிற வீட்டில் ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அந்தக் கம்பெனியுடையதையே, அந்த லிட்டர் அளவுக்கு உரியதையே வாங்குங்கள். வெயிட்டுக்கும் இதே விதிதான். ஒரு கம்பெனி வெயிட்டை இன்னொரு கம்பெனி மூடியில் மாட்டினால் உட்காரத்தான் செய்யும், ஆனால் எந்த அழுத்தத்தில் தூக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது சேஃப்டி வால்வு. மூடியில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உலோகம் அடைத்த ஒரு பொத்தான்போல இருக்கும். தண்ணீர் வற்றியோ குழாய் அடைத்தோ சூடு எல்லை தாண்டினால் அந்த உலோகம் உருகி ஆவியை விட்டுவிடும். ஒருமுறை உருகினால் புதிது வாங்கித்தான் போட வேண்டும். திருகாணி போட்டு அடைத்துத் தருகிற ரிப்பேர்க் கடைகள் உண்டு. அப்படி அடைத்த குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

புதிதாகக் குக்கர் வாங்கப் போகிறவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குக்கருக்கு இந்தியாவில் இந்த முத்திரை 2021 முதல் கட்டாயம். மூடியில் எடை வைத்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் எலும்பையே மென்மையாக்கும் ஆவிப் பானையைக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க எடை வைத்த வால்வையும் அவரே சேர்த்தார். நம் வெயிட் அந்த வால்வின் பேரப்பிள்ளைதான்.

எவ்வளவு கடலை, எவ்வளவு தண்ணீர்

பயறு போட்டால் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பொங்கி வரும் அரிசிக்கும் இதே பாதிதான், காய்க்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். பயறு நுரைக்கும், தோல் உரிந்து மேலே மிதக்கும், அதனால்தான் பாதி. மூன்று லிட்டர் குக்கரில் உலர்ந்த கணக்குக்குக் கால் கிலோ கடலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொலுவுக்கு நிறைய வேண்டுமானால் இரண்டு தடவையாக வேகவையுங்கள். நான் அன்று இந்த ஒரு விதியை மீறியதால்தான் அவ்வளவும் நடந்தது.

ஊறிய கடலை குக்கரில் விழுந்த பிறகு, அதற்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும்படி புதுத் தண்ணீர் விடுங்கள். முக்கால் டீஸ்பூன் உப்பு. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பட்டாணிக்கும் கடலைப்பருப்புக்கும் இந்த எண்ணெய் ரொம்ப அவசியம். மூடாமல் ஒரு கொதி விட்டு, மேலே திரளும் வெள்ளை நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு அப்புறம் மூடினால் இன்னும் நல்லது.

கொஞ்சமாகச் செய்கிறவர்கள் கடலையைத் தண்ணீரோடு தனிப் பாத்திரத்தில் வைத்து, குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, சாதத்தோடு அடுக்கி வைக்கலாம். தோல் மூடிக்கு ஏறாது, சுத்தமான முறை. நேரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடும், சாதம் கொஞ்சம் குழையும். அடித்தண்ணீரை மட்டும் மறந்துவிடாதீர்கள். குக்கர் வற்றித் தீய்வது பெரும்பாலும் இந்த மறதியால்தான்.

அடுப்பில்

மூடியை மூடி, தீயைப் பெரிதாக வையுங்கள். உங்களுடையது வெயிட்டைத் தனியாகக் கழற்றி மாட்டும் குக்கர் என்றால் இப்போதே மாட்ட வேண்டாம். குழாயிலிருந்து ஆவி முதலில் விட்டு விட்டு வரும், பிறகு ஒரே சீராகக் கயிறுபோல மேலே எழும். அதுவரை பொறுங்கள். உள்ளே இருந்த காற்று வெளியே போய்விட்டது என்பதும், குழாய் அடைக்கவில்லை என்பதும் அந்தச் சீரான ஆவியிலேயே தெரிந்துவிடும். இப்போது வெயிட்டை மாட்டுங்கள்.

முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். போனில் டைமர் வைப்பது நல்ல பழக்கம். இதற்குப் பிறகு வெயிட் அவ்வப்போது முனகினாலோ, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல விசில் விட்டாலோ தீ சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து கத்தினால் தீ அதிகம், தண்ணீர் வீணாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி இருக்கும். தீயைக் கூட்டுவதால் அந்த 120 ஏறாது, வெயிட் அதை ஏற விடாது. கேஸ்தான் வீணாகும்.

விசில் வரும் நேரத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது? மூடியின் ஓரத்தில் உஸ் என்று ஆவி கசிகிறதா பாருங்கள். கசிந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு சரிசெய்து மூடலாம். எங்கும் கசியவில்லை, விசிலும் இல்லை என்றால் அதுதான் ஆபத்து. உடனே அடுப்பை அணையுங்கள். வெயிட்டைத் தட்டாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள், குனிந்து காது வைக்காதீர்கள். சமையலறையை விட்டு வெளியே வந்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

எதற்கு எவ்வளவு நேரம்

இங்கே சொல்வதெல்லாம் நன்றாக ஊறிய, பழசாகாத பயறுக்கு, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைக்கும் நேரம். என் வீட்டு அடுப்பில், என் குக்கரில் பார்த்த கணக்கு. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே இருக்கும்.

கறுப்புக் கொண்டைக்கடலைக்கு 20 நிமிடம். வெள்ளைக் கொண்டைக்கடலை சுண்டலுக்கு என்றால் 15, சன்னா மசாலாவுக்கு மசிய வேண்டுமென்றால் 20. ராஜ்மாவுக்கு 20. கொள்ளு பார்க்கத்தான் சின்னது, அதுவும் 15 முதல் 20 வரை கேட்கும். மொச்சைக்கு 10 முதல் 12. காய்ந்த பட்டாணிக்கு 6 முதல் 8, அதற்கு மேல் போனால் மாவாகிவிடும். காராமணிக்கு, அதாவது தட்டைப்பயறுக்கு (இலங்கையில் கௌபி என்பார்கள்) 5 முதல் 7. பச்சைப்பயறு சுண்டலுக்கு ஊறியிருந்தால் 3 நிமிடமே போதும். ஊறாத பச்சைப்பயறு 8 நிமிடத்தில் கஞ்சிக்கும் கூட்டுக்கும் ஏற்றபடி மலர்ந்துவிடும்.

ஊட்டிபோல 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்களில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே குக்கர் இல்லாமல் கடலை வேகவைப்பது பெரும்பாடு. குக்கரிலும் உள்ளே சூடு கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும், மேலே சொன்ன நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாக

சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. மற்றப் பயறுகளிலும் லெக்டின் உண்டு, சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து விதை உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. குழந்தைகள் துவண்டுபோவார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், பாதிச் சூட்டில் வைத்தால் இந்த நச்சு குறையாமல் கூடவும் செய்யும் என்பதுதான். 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடான ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடப் பல மடங்கு மோசமாக இருக்க முடியும். அதனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை அப்படியே போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டால் நச்சு அழிந்துவிடும். பிரஷர் குக்கரின் 120 டிகிரியில் 20 நிமிடம் வெந்த ராஜ்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒன்று எடுத்து வாயில் போடுகிற பழக்கத்தை மட்டும் ராஜ்மாவில் விட்டுவிடுங்கள். விரலில் நசுக்கிப் பாருங்கள்.

திறப்பது

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தானாக ஆவி அடங்கும்வரை விடுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும், நிறைய இருந்தால் இருபது. அந்த நேரத்திலும் கடலை உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் மேலே நேரம் சொன்னேன். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்துப் பொங்கும். கடலைத் தோல் வெடிக்கும், மாவுத் தண்ணீர் குழாய் வழியாக அடிக்கும். குக்கர் மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றித் திறப்பதும் பயறுக்கு வேண்டாம்.

அடங்கிவிட்டதா என்று பார்க்க, ஒரு முள்கரண்டியால் வெயிட்டை நூலளவு தூக்கிப் பாருங்கள். உஸ் என்ற சத்தம் வந்தால் உடனே விட்டுவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். சத்தமே இல்லையென்றால் மூடியைத் திறக்கலாம். மூடி வர மறுத்தால் உள்ளே ஆவி இருக்கிறது என்று அர்த்தம். தட்டியோ நெம்பியோ திறக்கக் கூடாது. திறக்கும்போது மூடியின் அந்தப் பக்கம் முதலில் தூக்கும்படி, உங்கள் முகத்துக்கு எதிர்த்திசையில் சாய்த்து எடுங்கள்.

ஒரு கடலையை எடுத்துக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். அழுத்தியதும் தோலுக்குள்ளேயே மெத்தென்று நசுங்கி, நடுவில் பருக்கை தட்டாமல் இருக்க வேண்டும், தோல் கிழிந்து ஓடக் கூடாது. அதுதான் சுண்டல் பதம். ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து எடுத்துப் பாருங்கள், குக்கரின் மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது.

வேகவில்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் போதுமா என்று பார்த்து, குறைந்திருந்தால் வெந்நீர் விட்டு, குழாயை மறுபடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மூடி, முதல் விசிலுக்குப் பிறகு இன்னும் எட்டு நிமிடம் வையுங்கள். முதல் தடவை திறந்த மூடியில்தான் தோல் ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது தடவையும் கல்லாகவே இருந்தால் கடலை பழசு. அரைத்து வடைக்கோ குழம்புக்கோ போட்டுக்கொள்ளலாம், சுண்டல் ஆகாது.

வடித்த பிறகு

கடலையைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக் குழையும். வடித்த தண்ணீர் ரசத்துக்கு நன்றாக இருக்கும். ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கடலையைப் போட்டு ஈரம் சுண்டும்வரை பிரட்டி, தேங்காய்த் துருவலைத் தூவி இறக்க வேண்டியதுதான். மாங்காய் போடுவதானால் இப்போது போடலாம். எலுமிச்சை பிழிவதும் இப்போதுதான்.

தேங்காய் போட்ட சுண்டல் வெயில் காலத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் நூல்விடத் தொடங்கும். மிஞ்சும் என்று தெரிந்தால் தேங்காய் போடும் முன்பே ஒரு பங்கை எடுத்து வையுங்கள். வெறும் வெந்த கடலையை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்கூடப் பயப்படாமல் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வேகவைத்து டப்பாக்களில் பிரித்து வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க ஆகும் என்று அக்கா மகளுக்குச் சொன்னேன், அவள் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

கடைசியாகக் குக்கர். கேஸ்கெட்டைக் கழற்றித் தனியாகக் கழுவி, துடைத்து வையுங்கள். குழாயில் தண்ணீர் விட்டு அலசுங்கள். வெயிட்டின் உட்பக்கத்தையும் ஒரு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், மாவுப் பிசுக்கு அங்கேதான் காய்ந்து ஒட்டும். மூடியைப் பூட்டி வைக்காமல் கவிழ்த்து வையுங்கள், வாடை அடைக்காது, கேஸ்கெட்டும் நாள்பட உழைக்கும்.